திரும்புவதற்கு ஆகும் எரிபொருள்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் கணினி விளையாட்டில் விண்கலம் வடிவமைக்க உட்காருபவர், ராக்கெட்டின் அடிப்பகுதியைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய எஞ்சின், பக்கவாட்டில் கட்டிய திட எரிபொருள் பூஸ்டர்கள், ஏவுதளத்தில் எழும் புகை ஆகியவைதாம் முதலில் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் அவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உச்சியில் அமரும் சிறு கலமும், பயணத்தின் கடைசியில் அது செய்து முடிக்க வேண்டிய வேலையும்தான். மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து திருநகருக்குத் திரும்பும் இரவுகளில், வீட்டு மாடியறையில் அமர்ந்து இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். அதில் கற்றவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். விண்வெளியில் வேகம் பெறுவதற்குச் செலவாவதைப் போலவே, பெற்ற வேகத்தின் திசையை மாற்றுவதற்கும் எரிபொருள் பெருமளவில் செலவாகிறது. நமக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் ஏன் ஒரு புதிய ஏவுதளம் கட்டப்படுகிறது என்ற கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ நகரத்தில் இயங்கிய ஸ்குவாட் என்னும் நிறுவனத்தில் பெலிப்பே ஃபலாங்கே என்பவர் இதை உருவாக்கத் தொடங்கினார். 2011 ஜூனில் முதல் பொதுப் பதிப்பும், 2015 ஏப்ரலில் முழுமையான 1.0 பதிப்பும் வெளிவந்தன. இதில் நாம் வாழும் கோளின் பெயர் கெர்பின். அதன் ஆரம் 600 கிலோமீட்டர்தான், அதாவது பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ளதைப் போலவே 9.81 என்று வைத்திருக்கிறார்கள். காற்று மண்டலம் 70 கிலோமீட்டர் உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குச் சற்று மேலே சுற்றுப்பாதையில் நிலைக்க நொடிக்கு ஏறத்தாழ 2,280 மீட்டர் வேகம் போதும். காற்றின் தடையையும் ஈர்ப்பினால் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக்கொண்டால், தரையிலிருந்து அங்கே போய்ச் சேர 3,400 மீட்டர் வேகத்துக்குரிய எரிபொருள் தேவை. உண்மையான பூமியிலோ இதே கணக்கு 9,400 வரை போகும். கோளைச் சிறியதாக்கியது ஆடுபவரின் பொறுமையைக் கருதிச் செய்த நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஏவுதலிலிருந்து சுற்றுப்பாதை வரை சில நிமிடங்களில் முடிந்து, மறுமுறை வேறு வடிவத்தை முயன்று பார்க்க நேரம் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தின்மீது செயல்படும் என்று எளிமைப்படுத்தியிருப்பதை விட்டால், சுற்றுப்பாதைக் கணக்கு முழுவதும் கெப்ளரும் நியூட்டனும் சொன்னபடியே நடக்கிறது.

இந்த விளையாட்டை ஆடுபவர்கள் நாணயம் எண்ணுவதைப் போல எண்ணும் ஓர் அளவு உண்டு. அதை டெல்டா-வி என்பார்கள். ஒரு கலம் தன்னிடம் உள்ள எரிபொருள் முழுவதையும் எரித்தால் தன் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதே அது. இதற்கான சமன்பாட்டை ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்டார். எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தை, எரிபொருள் நிறைந்த எடைக்கும் தீர்ந்த எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் (லாகரிதம்) பெருக்க வேண்டும். சமன்பாட்டில் வேறு ஒன்றும் இல்லை. எஞ்சின் எத்தனை நேரம் எரிந்தது, எவ்வளவு விசையோடு தள்ளியது என்பவை அதில் இடம்பெறுவதே இல்லை.

மடக்கை என்ற அந்த ஒரு சொல்லில்தான் வடிவமைப்பின் கடினம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் அமரும் சிறு கலம், பாராசூட், இதர உறுப்புகள் எல்லாம் சேர்ந்து 0.95 டன்; அதன் கீழே அரை டன் எடையுள்ள டெரியர் எஞ்சின்; நடுவே இரண்டு டன் எரிபொருள் கொள்ளும் எஃப்.எல்-டி400 தொட்டி, அதன் வெற்று எடை கால் டன். மொத்தம் 3.7 டன், எரிபொருள் தீர்ந்த பின் 1.7 டன். டெரியரின் வாயு வெற்றிடத்தில் நொடிக்கு 3,384 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதால் இந்தக் கலத்துக்கு ஏறத்தாழ 2,630 மீட்டர் டெல்டா-வி கிடைக்கும். இப்போது இதே போன்ற இன்னொரு தொட்டியைச் சேர்த்தால் மொத்தம் 3,770 ஆகிறது; அதாவது முதல் தொட்டி 2,630 தந்த இடத்தில் இரண்டாவது தொட்டி 1,140 மட்டுமே தருகிறது. மூன்றாவது தொட்டியோ 680தான் சேர்க்கும். ஒவ்வொரு தொட்டியும் தனக்கு முன்னால் வந்த தொட்டிகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருப்பதே காரணம்.

என் அக்காள் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான்; விடுமுறை நாள்களில் என்னோடு அமர்ந்து கலம் கட்டுவான். இந்தக் கணக்கைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு நன்றாக நினைவிருக்கிறது.

“மாமா, வேகம் பத்தலைன்னா இன்னொரு டேங்க் வைக்க வேண்டியதுதான?”

“வைக்கலாம்டா. ஆனா அதைத் தூக்குறதுக்குக் கீழ இன்னும் நாலு டேங்க் வைக்கணும். அதுக்குப் பதிலா மேல என்ன கழட்டலாம்னு பாரு.”

அவன் மேலே இருந்த ஏணி, விளக்குகள், தேவைக்கு மேலான மின்கலங்கள், இரண்டாவது ஆண்டெனா ஆகியவற்றை எடுத்தான். ஒரு நூறு கிலோ குறைந்திருக்கும். கலத்தின் மேற்பகுதியில் நூறு கிலோ குறைந்தால் ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டின் மொத்த எடையில் ஒரு டன்னுக்கும் மேலாகக் குறைய வாய்ப்பு உண்டு என்பதைத் திரையில் எண்கள் மாறுவதைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான். விளையாட்டின் பிந்தைய பதிப்புகளில் ராக்கெட்டின் ஒவ்வொரு நிலையின் (தனித்தனியே கழலும் பகுதியின்) டெல்டா-வியும் பக்கத்திலேயே காட்டப்படுவதால் இத்தகைய பாடம் எளிதாகிறது. முன்பெல்லாம் இதற்கு ஒரு நோட்டும் கால்குலேட்டரும் வேண்டியிருந்தன.

ராக்கெட்டைப் பல நிலைகளாகப் பிரிப்பதும் இதே காரணத்தால்தான். தீர்ந்த தொட்டியையும் அதன் எஞ்சினையும் கழற்றி எறிந்துவிட்டால், எஞ்சிய கலம் எடை குறைந்து புதிதாகத் தொடங்குகிறது. நான் எப்போதும் கடைசி நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிலையும் தனக்கு மேலுள்ள அனைத்தையும் சுமையாகக் கருதும்படி கீழ்நோக்கிக் கணக்கிட்டு வருவேன். அடிநிலைக்கு வரும்போது உந்துவிசை மட்டும் மொத்த எடையைப் போல 1.3 முதல் 1.5 மடங்கு வரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்குக் குறைந்தால் ஈர்ப்புக்கு எதிராகத் தொங்கிக்கொண்டே எரிபொருள் வீணாகும். மிகவும் கூடினால் அடர்ந்த காற்றில் வேகமாகப் போய் அங்கே வீணாகும்.

இனித் திசையைப் பற்றிப் பேசலாம். சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகத்தைப் பொறுத்தது என்பதால், நேராக மேலே கிளம்பும் ராக்கெட் எங்கோ ஓரிடத்தில் கிடைமட்டமாகத் திரும்பியாக வேண்டும். நல்ல விமானி இந்தத் திருப்பத்தைக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே தொடங்கிவிடுவார். நொடிக்கு நூறு மீட்டர் வேகம் வந்ததும் மூக்கைக் கிழக்கே ஐந்து பாகையோ சற்று அதிகமாகவோ சாய்த்துவிட்டு, அதன் பிறகு ராக்கெட் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையிலேயே மூக்கை விட்டுவிட்டால், ஈர்ப்பே பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கிடைமட்டமாக்கிவிடும். வேகம் குறைவாக இருக்கும்போது தொடங்குவதாலும் வளைக்கும் வேலையை ஈர்ப்பே செய்துவிடுவதாலும் இந்தத் திருப்பத்துக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. இதை முதன்முறை சரியாகச் செய்து, சுக்கானைத் தொடாமலேயே ராக்கெட் தானாகப் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. எடையின் மையம் மேலேயும் காற்றுத் துடுப்புகள் கீழேயும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கட்டுமானக் கூடத்தில் எடை மையத்தை மஞ்சள் உருண்டையாகவும் காற்றுத் தூக்கலின் மையத்தை நீல உருண்டையாகவும் காட்டுகிறார்கள்; நீலம் மஞ்சளுக்கு மேலே போனால் ராக்கெட் நடுவானில் தலைகீழாகும்.

கிழக்கே சாய்ப்பது ஏன் என்றால், கோள் அந்தத் திசையில் சுழல்கிறது. கெர்பினின் நடுக்கோட்டில் தரை நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் ஏற்கெனவே கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசம். நம் மதுரையும் 9.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், மாசி வீதிகளும் வைகையும் யானைமலையும் நொடிக்கு 458 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஒலியின் வேகத்தைவிட அது அதிகம்.

சுற்றுப்பாதையை அடைந்த பிறகு திரும்புவதுதான் விலை உயர்ந்தது. ஒரு வேகத்தின் அளவை மாற்றாமல் திசையை மட்டும் மாற்ற வேண்டுமானால், அந்த வேகத்தை இரண்டால் பெருக்கி, திரும்பும் கோணத்தில் பாதியின் சைனால் மீண்டும் பெருக்க வேண்டும். சைன் 30 பாகை என்பது அரை. ஆகவே சுற்றுப்பாதைத் தளத்தை 60 பாகை திருப்புவதற்கு, அந்தச் சுற்றுப்பாதை வேகம் முழுவதற்கும் சமமான டெல்டா-வி தேவைப்படுகிறது. கெர்பினில் அது 2,280 மீட்டர். தரையிலிருந்து ஒரு மாபெரும் ராக்கெட்டைக் கட்டி, பல டன் எரிபொருளை எரித்துப் பெற்ற வேகம் அளவுக்கே, பாதையை வேறு பக்கம் திருப்பவும் செலவிட வேண்டும். சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய மனம் இதை எளிதில் ஏற்பதில்லை. சாலையில் தரையின் உராய்வு நம்மைத் திருப்பிவிடுகிறது. விண்வெளியில் பிடித்துத் திரும்ப எதுவும் இல்லை.

கெர்பினுக்கு இரண்டு நிலவுகள் உள்ளன. மன் என்னும் பெரிய நிலவு நடுக்கோட்டுத் தளத்திலேயே சுற்றுகிறது. மின்மஸ் என்னும் சிறிய நிலவு 47,000 கிலோமீட்டர் தொலைவில், ஆறு பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. அந்த ஆறு பாகைதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கெர்பினை ஒட்டிய தாழ்ந்த பாதையில் இருக்கும்போதே இந்தச் சாய்வைச் சரிசெய்தால் ஏறத்தாழ 240 மீட்டர் செலவாகும். அதைச் செய்யாமல் மின்மஸை நோக்கிக் கிளம்பி, பாதி வழிக்கு மேல், கெர்பினின் மையத்திலிருந்து 30,000 கிலோமீட்டர் தொலைவில் போகும்போது திரும்பினால், அங்கே கலத்தின் வேகம் 300 மீட்டருக்கும் குறைந்திருப்பதால், அதே ஆறு பாகைக்கு 31 மீட்டருக்கும் குறைவாகவே ஆகும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதி மூலைக்கு வந்ததும் அதை அனேகமாக நிறுத்திவிட்டுத்தான் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புவார்கள். ஓடும் வேகத்தில் யாரும் திருப்ப நினைப்பதில்லை. மெதுவாக இருக்கும் இடத்தில் திரும்பு என்பதே சுற்றுப்பாதையிலும் விதி. கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோமோ அவ்வளவு மெதுவாகப் போகிறோம் என்பதால், திரும்ப வேண்டிய இடமும் தொலைவில்தான் அமைகிறது.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. ஏவுதளம் கெர்பினோடு சுழலும்போது, ஆறு மணி நேரமே உள்ள அதன் ஒரு நாளில் இரண்டு முறை மின்மஸின் பாதைத் தளத்துக்கு நேர் கீழே வருகிறது. அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, நேர் கிழக்குக்குப் பதிலாக ஆறு பாகை வடக்கிலோ தெற்கிலோ சாய்த்து ஏவினால், பிறகு திருப்பமே தேவைப்படாது. காத்திருப்பதற்கு எரிபொருள் செலவில்லை.

உண்மையான செயற்கைக்கோள்களிலும் இந்தக் கணக்குதான் நடக்கிறது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், அங்கிருந்து ஏவப்படும் கலம் குறைந்தது அவ்வளவு சாய்வோடுதான் பாதையில் சேர முடியும். அந்தச் சாய்வை நீக்கும் வேலையைப் பாதையின் சேய்மைப் புள்ளியில், அதாவது பூமியிலிருந்து மிகத் தொலைவில், வேகம் நொடிக்கு 1.6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும் இடத்தில் செய்கிறார்கள். தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம் 5 பாகையில் இருப்பது அதற்குப் பெரிய அனுகூலம். 2018 டிசம்பரில் 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோளை இஸ்ரோ அங்கிருந்துதான் ஏரியான்-5 ராக்கெட் மூலம் அனுப்பியது. அவ்வளவு எடையை அந்தப் பாதைக்கு ஏற்றும் ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை என்பது முதன்மைக் காரணம். நடுக்கோட்டை ஒட்டிய தளமும் அதற்குத் துணை செய்தது.

துருவப் பாதைக்கு வரும்போது கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் வடக்கு தெற்காகச் சுற்றுவதையே விரும்புகின்றன, ஏனெனில் அவை சுற்றிக்கொண்டிருக்கும்போது பூமி கீழே சுழன்று தன் முகம் முழுவதையும் காட்டிவிடுகிறது. இதற்கு ராக்கெட் தெற்கு நோக்கிக் கிளம்ப வேண்டும். நிலப்படத்தை எடுத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது வங்கக் கடலைக் கடந்து யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஏறி, இலங்கையின் நீளம் முழுவதையும் ஊடுருவி, தெற்கு முனையில் காலி நகரத்தருகே மீண்டும் கடலில் இறங்கும். எரிந்து முடிந்த நிலைகள் மக்கள் வாழும் நிலத்தின்மேல் விழும்படி இஸ்ரோ ராக்கெட்டை ஏவுவதில்லை. ஆகவே அங்கிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட்டுகள் முதலில் தென்கிழக்கே கிளம்பி, இலங்கையை ஒதுக்கிவிட்டு, பிறகு தெற்கே வளைகின்றன. அந்த வளைவு வேகம் பெருகிய பிறகு நடப்பதால் செலவு உண்டு.

எவ்வளவு செலவு என்பதை நானும் என் மருமகனும் விளையாட்டிலேயே சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். ஏவுதளத்துக்குத் தெற்கே ஒரு தீவு இருப்பதாக வைத்துக்கொண்டோம். முதல் நிலை 140 பாகைத் திசையில், அதாவது தென்கிழக்கில், நொடிக்கு 1,000 மீட்டர் கிடைமட்ட வேகம் தரும். பிறகு மேல்நிலை கலத்தை நேர் தெற்கே 2,300 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவனுடைய பள்ளிப் புத்தகத்தில் உள்ள வெக்டர் முக்கோணமே இதற்குப் போதுமானது. தீவு இல்லையென்றால் மேல்நிலை 1,300 மீட்டர் சேர்த்தால் போதும். தீவு இருந்தால், 40 பாகை விலகிய 1,000 மீட்டரைத் தெற்கு நோக்கிய 2,300 மீட்டராக மாற்ற 1,663 மீட்டர் தேவைப்படுகிறது. கூடுதல் செலவு 363 மீட்டர். திருப்பத்தையும் முடுக்கத்தையும் ஒரே எரிப்பில் சேர்த்துச் செய்வதால்தான் இவ்வளவோடு நின்றது. 1,000 மீட்டர் வேகத்தில் வெறும் திருப்பத்தைத் தனியாகச் செய்தால் 684 மீட்டர் ஆகியிருக்கும்.

363 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அதை எடையாக மாற்றினால்தான் அதன் கனம் தெரியும். முதல் நிலையால் தூக்க முடிந்தது மொத்தம் மூன்று டன் மேல்நிலை என்று கொள்வோம். டெரியர் எஞ்சினுக்கு அரை டன். தொட்டியின் வெற்று எடை அது கொள்ளும் எரிபொருளில் எட்டில் ஒரு பங்கு. நேர் பாதையில் போனால் எரிபொருள் 0.96 டன், செயற்கைக்கோளுக்கு 1.42 டன் மிச்சமாகிறது. வளைந்து போனால் எரிபொருள் 1.17 டன்னாக ஏறி, செயற்கைக்கோளுக்கு 1.19 டன்தான் கிடைக்கிறது. ஏறத்தாழ 230 கிலோ, அதாவது ஆறில் ஒரு பங்கு, திரும்புவதற்காகவே போய்விட்டது. ராக்கெட் சிறியதாக ஆக இந்தப் பங்கு மேலும் பெரிதாகிறது, ஏனெனில் எஞ்சின், கணினி, மின்கலம் போன்றவற்றின் எடை அதே அளவில் நின்றுவிட, இழப்பு முழுவதும் செயற்கைக்கோளின் தலையிலேயே விழுகிறது.

இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் நிலை இதுதான். புறப்படும்போது 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல். ராக்கெட் இந்த வளைவைத் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகளாகத் துருவப் பாதைக்குப் போய்வந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.வி.யோ 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்டது. 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ எடையை ஏற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் மூன்று முதன்மை நிலைகளும் திட எரிபொருளில் இயங்குபவை. உச்சியில் மட்டும் வேகத்தைத் திருத்துவதற்கு ஒரு சிறு திரவ நிலை உண்டு. 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாகப் பறந்த இரண்டு எஸ்.எஸ்.எல்.வி.களும் செயற்கைக்கோள்களை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வுள்ள பாதைகளில்தான் விட்டன. அந்தச் சாய்வுக்குத் தென்கிழக்கே நேராகப் போனால் போதும், வளைய வேண்டியதில்லை.

குலசேகரப்பட்டினமோ 8.4 பாகை வட அட்சரேகையில், இலங்கைக்கு நன்றாக மேற்கே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கும் போய்வருவது எங்கள் வழக்கம்; தசரா நாள்களில் காளி வேடமும் குறவன் வேடமும் போட்ட பக்தர்கள் கூட்டத்தில்தான் அந்த ஊரை நான் முதலில் அறிந்தேன். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் திரவ எஞ்சின் சோதனை மையம் இருப்பதும் அங்கிருந்து வெகு தூரமில்லை. கோயிலுக்கு வந்து போகும் ஓர் ஊரின் இருப்பிடமே, ஒரு சிறு ராக்கெட்டின் உச்சியில் இன்னும் எத்தனை கிலோ வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த பெருமிதம் உண்டாகிறது. மகிழ்ச்சிக்கு உரிய இந்தச் செய்தியைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு, நிலம் கையகப்படுத்தல் ஆகியவற்றோடு மட்டுமே சேர்த்து எழுதுகின்றன. அவையும் முக்கியமானவைதாம், ஆயினும் அந்தக் கடற்கரை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை ஒரு வெக்டர் முக்கோணம் வரைந்து காட்டியிருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

விளையாட்டின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் சூரியனோடு ஒத்திசைந்த பாதையில் சுற்றுகின்றன. அவை ஓர் இடத்தை எப்போது கடந்தாலும் அங்கே சூரிய நேரம் ஒன்றாகவே இருக்கும். பூமியின் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருப்பதால் சுற்றுப்பாதைத் தளம் தானாகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திரும்புகிறது என்பதே இதற்கு அடிப்படை. எரிபொருளே இல்லாமல் கிடைக்கும் திருப்பம் அது. கெர்பினோ பழுதற்ற உருண்டை என்பதால் அங்கே இது நடக்காது. பிரின்சிபியா என்னும் கூடுதல் தொகுப்பை நிறுவினால் பல கோள்களின் ஈர்ப்பும் ஒருசேரக் கணக்கிடப்படும். உண்மைச் சூரியக் குடும்பத்தையே கொண்டுவரும் தொகுப்பும் உண்டு. அதில் ஏவுதலுக்கு 9,400 மீட்டர் டெல்டா-வி தேவைப்படும் என்பதால், கெர்பினில் நன்றாகக் கைவந்த பிறகு அதற்குப் போவதே நல்லது. உறுப்புகள் மிகும்போது கணினியின் வேகம் குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன தீவுச் சோதனையை வேறு யாரேனும் செய்து பார்க்க விரும்பினால் சில குறிப்புகளைத் தருகிறேன். எல்லா உறுப்புகளும் தடையின்றிக் கிடைக்கும் சாண்ட்பாக்ஸ் முறையில், இரண்டு சோதனைகளுக்கும் ஒரே முதல் நிலையைப் பயன்படுத்துங்கள். நேர் பாதையில் ஏவும்போது மூக்கைச் சரியாக 180 பாகையில் வைத்தால் கலம் துருவத்தின் மேல் போகாது. தரை கிழக்கே கொடுத்த 175 மீட்டரையும் கழிக்க வேண்டியிருப்பதால் 184 பாகையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கிழக்கே ஏவும்போது இலவசமாகக் கிடைத்த அதே வேகம் இங்கே கடனாகிவிடுகிறது. வளைந்த பாதையில் முதல் நிலை கழன்றதும் உடனே திரும்பத் தொடங்குங்கள். ஒவ்வொரு நொடி தாமதத்திலும் தவறான திசையில் வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டு கலங்களும் 80 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையை அடைந்தபின் தொட்டிகளில் எஞ்சியிருக்கும் எரிபொருளை ஒப்பிட்டுப் பார்த்தால், இலங்கை ஒரு ராக்கெட்டிடம் எவ்வளவு கேட்கிறது என்பதற்கு ஏறத்தாழ ஒரு மதிப்பு கிடைத்துவிடும்.